எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். மண்வாழ் நுண்ணுயிரிகளிலிருந்து மருந்து தேடி ஆரியோமைசின் கண்டறியப்பட்ட ஆய்வை வழிநடத்தியவர்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிகுலேசன் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தமை அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, இதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இவரின் சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தனர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றியபின் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார்.

ஆய்வுப் பணி

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். இருவரும் பாஸ்போகிரியேட்டினையும் (1927), ஏ.டி.பி.யையும் (1929) கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார்.

1940இல் லெடெர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு இவரது குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்புரூ நோய்க்கும் மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் இக்குழுவின் பணியே.

ஆரியோமைசின்

இவரது ஆய்வகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், பல இடங்களின் மண் மாதிரிகளைச் சோதித்தார். மிசௌரிப் பல்கலைக்கழக வயலொன்றின் மண்ணில் பொன்னிற நுண்ணுயிரி ஒன்று கிடைத்தது. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோபேசியன்ஸ் எனப் பெயரிடப்பட்டது. அது சுரந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தாக 1948இல் அறிவிக்கப்பட்டது.

மரபணுத்தொகுதியில் தேடல்

அன்று ஒவ்வொரு நுண்ணுயிரியையும் வளர்த்து, அது சுரப்பதைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் சுரக்காத சேர்மம் கண்ணில் படாது. இத்தகைய சேர்மத்தை உருவாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து, ஒரு கொத்தாக அமைந்திருக்கும். எனவே அறியப்பட்ட மரபணுக்களுடன் புதிய மரபணுத்தொகுதியைக் கணினி ஒப்பிட்டு, அத்தகைய கொத்துகளைக் கண்டறிகிறது. 2002இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் மரபணுத்தொகுதியில் இவ்வாறு 20க்கும் மேற்பட்ட கொத்துகள் காணப்பட்டன; அவற்றுள் பலவற்றின் சேர்மங்கள் அதுவரை அறியப்படாதவை. இப்பணிக்கான ஆன்டிஸ்மாஷ் மென்பொருள் 2011இல் வெளியானது. ஆயினும் கணினி காட்டுவது வாய்ப்பை மட்டுமே. சேர்மத்தைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது இன்றும் ஆய்வகத்தின் பணியாகும்.

மறைவும் நினைவும்

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில் சுப்பாராவ் அமெரிக்காவில் காலமானார். பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என இவர் பெயர் இடப்பட்டது. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.