இரு களம் கண்ட கோபாலன்

நாஞ்சில் நாட்டு வயல் ஆண்டிற்கு இருமுறை விளைவது. கன்னிப்பூ அறுவடையான பின்னர் அதே வயலிற் கும்பப்பூப் பயிர் எழும். பருவம் வேறாதலின் ஒரு நிலம் இரு போகத்தையும் தாங்குகின்றது. இரு போகமும் ஒரே திங்களில் விதைப்பை வேண்டி நிற்குமாயின் உழவன் யாது செய்வான்? ஒன்றை விட்டே மற்றொன்றைக் கொள்ளல் வேண்டும். மக்களுள்ளும் இத்தகைய நிலம் போன்றார் சிலர் உளர். அவருள் ஒருவராகிய எம். ஜே. கோபாலனது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். கிரிக்கெட், ஹாக்கி என்னும் இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவின் சார்பில் ஆடிய பெருமை அவருடையது.

கோபாலன் 1909-ஆம் ஆண்டு செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த மொரப்பாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். அவருடைய பந்துவீச்சின் திறத்தை முதன்முதற் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். இவர் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியருள் சிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர். இவரே கோபாலனுக்குப் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை தேடித் தந்து, திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தில் ஆடவும் வழி செய்தார். ஆட்டத்தைக் கொண்டு பொருளீட்டுதற்கு இடமில்லாத அந்நாளில், மாதச் சம்பளமொன்று கையில் வருதல் விளையாட்டு வீரனுக்கு எத்துணைப் பெரிய துணை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திறன் இருந்தும் வயிற்றுக்கு வழியின்றி மைதானத்தை விட்டகன்றவர் பலர். கோபாலன் அவ்வாறு அகலாமைக்கு அவ்வேலையும் ஒரு காரணமாம்.

விரைவாகப் பந்து வீசுவதிலும், தேவை நேர்ந்துழி மட்டையேந்தி நின்று ஓட்டங்கள் சேர்ப்பதிலும் அவர் வல்லவரானார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்துக் கல்கத்தாவில் நடைபெற்ற டெஸ்ட் பந்தயத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டங்களும் ஒரு விக்கெட்டும் பெற்றார். அதுவே அவர் ஆடிய முதல் டெஸ்ட். அதுவே கடைசியும் ஆயிற்று.

அவ்வாண்டிலேயே மற்றொரு சிறப்பும் அவரை வந்தடைந்தது. ரஞ்சிக் கோப்பைப் போட்டி தொடங்கப்பெற்றபோது, முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்திற் சென்னைக்கும் மைசூருக்கும் நிகழ்ந்தது. அப்போட்டியின் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. மைசூர் அணி 48, 59 என்னும் ஓட்டங்களுக்கு இருமுறையும் வீழ்ந்தது. சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்து, ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி கண்டது. அன்று பதினொரு விக்கெட்டுகளைக் கைக்கொண்டவர் ஏ. ஜி. ராம்சிங். இன்று நாடெங்கும் நடைபெறும் அப்பெரும்போட்டியின் வரலாறு ஒரு தமிழ்நாட்டு வீரரின் கையிலிருந்தே புறப்பட்டதென்பது நாம் மகிழத்தக்கதன்றோ?

இனி ஹாக்கியைப் பற்றிக் கூறுவாம். கோலேந்திய கோபாலனது ஆற்றல் மட்டையேந்திய கோபாலனது ஆற்றலுக்குச் சிறிதும் குறைந்ததன்று. 1935-ஆம் ஆண்டு தியான்சந்த் தலைமையில் நியூஜிலாந்திற்குச் சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவராய்ச் சென்றார். 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்று, ஹாக்கியில் உலகில் ஒப்பார் இன்றி இந்தியா விளங்கிய காலம் அது.

இவ்வாறிருக்க, 1936-ஆம் ஆண்டு பிறந்தது. இரு போகமும் ஒரே பருவத்தில் வந்து நின்றன. பெர்லின் ஒலிம்பிக்கிற்கு ஹாக்கி அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் ஒரு புறம்; இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் இடம் மற்றொரு புறம். இரண்டிற்கும் செல்லுதல் இயலாது. ஹாக்கித் தேர்வில் அவர் வென்றிருப்பார் என அறுதியிட்டுக் கூறல் கூடாதெனினும், முந்திய ஆண்டில் தியான்சந்துடன் கடல் கடந்து ஆடியவர்க்கு நம்பிக்கை கொள்ள இடமிருந்தது. வெற்றியைக் கருதின் ஹாக்கியே தக்கது. அந்நாள்வரை இந்தியக் கிரிக்கெட் அணி ஒரு டெஸ்டிலேனும் வென்றதில்லை. ஆயினும் கோபாலன் கிரிக்கெட்டையே தெரிந்துகொண்டு கப்பலேறினார்.

அப்பயணம் அவருக்கு நலம் பயக்கவில்லை. விஜயநகரம் மகாராஜகுமார் தலைமை தாங்கிய அவ்வணி உட்பகையால் அலைப்புண்டது. லாலா அமர்நாத் என்னும் சிறந்த வீரர் இடையிலேயே தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நடைபெற்ற டெஸ்டுகள் மூன்றனுள் இரண்டில் இந்தியா தோற்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அம்மூன்றனுள் ஒன்றிலேனும் கோபாலன் ஆடும் பதினொருவருள் ஒருவராகச் சேர்க்கப்படவில்லை.

1936 ஆகஸ்டு 15-ஆம் நாளை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கிற்று. கோபாலனுக்கு அதில் ஆட இடமில்லை. அதே நாளிற் பெர்லினில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது. ஒரே நாள்; ஒரு நகரில் விட்ட ஆட்டத்தின் வெற்றி, மற்றொரு நகரிற் கொண்ட ஆட்டத்தின் வெறுங்கை. இதனினும் கடுமையான சோதனை விளையாட்டு வீரனொருவனுக்கு வருதல் அரிது.

இங்ஙனம் நேர்ந்தபின் மனமுடைந்து ஆட்டத்தைத் துறந்தார் என்று எழுதும்படி அவர் வாழ்ந்திலர். சென்னைக்கு மீண்டு, தம் மாகாண அணிக்காகப் பின்னும் பல்லாண்டுகள் பந்து வீசினார். அவ்வணியின் தலைமையும் ஏற்றார். முதல்தர ஆட்டங்கள் 78-ல் 194 விக்கெட்டுகளும் 2,916 ஓட்டங்களும் அவர் கணக்கில் நிற்கின்றன. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், அவர் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசிய அதே சேப்பாக்கத்திலேதான். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53-ல் தொடங்கிய பந்தயத்திற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் சூட்டினர். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அவர் பணியாற்றினார். 2003 டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரருள் அவரே வயதில் மூத்தவர்.

வேதத்திற் கூறப்படும் தாலந்துகளின் உவமையை நம் கல்லூரி மாணவர் நன்கறிவர். கோபாலன் இரு தாலந்து பெற்றவர். ஒன்றையும் மண்ணிற் புதைத்தவரல்லர். ஒன்றை விட நேர்ந்தபோது, கொண்டதற்கு இறுதிவரை உண்மையாயிருந்தார். பாடத்தை எடுப்பதோ பணியை எடுப்பதோ, வீட்டில் இருப்பதோ வெளியூர் செல்வதோ என்று நம் மாணவர் பலர் ஆண்டுதோறும் இத்தகைய வழிப்பிரிவில் வந்து நிற்கின்றனர். விட்ட வழியில் விளைந்த பொன் கண்ணுக்குத் தோன்றத்தான் செய்யும். அதனை நோக்கியே நின்றுவிடாது, தாம் விதைத்த வயலுக்கு நீர் பாய்ச்சத் திரும்பிய ஒருவரின் வரலாறு அவர்க்குத் துணையாகுக.