பெயர் தேடிய பெருமகனார்

நோய் தீர்க்கும் மூலிகை நம் வீட்டுக் கொல்லையிலேயே முளைத்திருக்கலாம். ஆனால் அதன் முகம் அறியாதவனுக்கு அதுவும் ஒரு களைதான். இந்த உண்மையை நான் உணர்ந்துகொள்ள ஒரு செடியும், இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு பெரியவரும் காரணமாயினர். அப்பெரியவரின் வரலாற்றை மாணவத் தம்பி தங்கையருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அருகில் என் வீடு. பூவிருந்தவல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகளாகவே காட்சியளிக்கின்றன. வீட்டுக் கொல்லை பள்ளமாக இருந்ததால், சில ஆண்டுகளுக்கு முன் நான்கு லாரி மண் அடித்து மேடாக்கினோம். முதல் மழை பெய்ததுமே அந்த மண்ணிலிருந்து நாங்கள் முன்பின் பார்த்திராத செடிகளெல்லாம் தலைகாட்டின. குப்பைமேனியும் கோரையும் சாரணையும் தெரிந்தவை. மற்றவற்றுக்குப் பெயர் சொல்ல எங்கள் தெருவில் ஆளில்லை.

அவ்வாண்டு ஐப்பசியில் என் அக்காள் மகனுக்கு மஞ்சட்காமாலை கண்டது. அம்மா கொல்லைக்குச் சென்று ஒரு பிடி செடியைப் பிடுங்கி வந்து, கீழாநெல்லி கிடைத்துவிட்டது என்று அம்மியைக் கழுவினார். இலையை ஒட்டிச் சிறு காய்கள் இருந்தன. ஆயினும் அக்காளுக்கு ஐயம். படித்தவன் என்று என்னைக் கேட்டாள். நான் தமிழ்த்துறை ஆசிரியன். அகராதிகளைப் புரட்டுவதே என் தொழில். கீழாநெல்லி என்ற சொல் எனக்குத் தெரியும். அச்சொல்லுக்குரிய செடி இதுதானா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று அடைந்த வெட்கம் கொஞ்சநஞ்சமன்று. பையனை உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செடியைச் செய்தித்தாளில் சுற்றி, மறுநாள் தாவரவியல் துறை நண்பரிடம் கொடுத்தேன்.

அவர் கைலென்சை வைத்து நெடுநேரம் பார்த்தார். அது கீழாநெல்லி அன்று, அதன் உறவான மேலாநெல்லி என்று முடிவு கூறினார். கீழாநெல்லியில் இலைகள் பக்கக் கிளைகளில் மட்டும் இரு வரிசையாக அமைந்து, பார்வைக்கு ஒரே கூட்டிலைபோல் தோன்றும். காய்கள் அக்கிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும். மேலாநெல்லியிலோ நடுத்தண்டிலும் இலைகள் உண்டு; அவை அடி குறுகி, நுனியில் சிறு முள்போன்ற கூர் கொண்டிருக்கும். 1753ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இம்மேலாநெல்லிக்கு மதராசின் பெயரை இணைத்து, பில்லாந்தசு மதராசுபட்டென்சிசு என்று பெயரிட்டிருக்கிறார். இவ்விவரங்களைச் சொன்ன நண்பர், நம் பக்கத்துச் செடிகளை இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்த முன்னோடிகளுள் ராட்லர் ஒருவர் என்றும் கூறினார். என் மேசைமீது கிடக்கும் தமிழ் அகராதியின் ஆசிரியர் ராட்லர்தாமா அவர் என்று வியந்தேன். அவரேதான்!

யோகான் பீட்டர் ராட்லர் 1749ஆம் ஆண்டு சூன் திங்களில் இரைன் ஆற்றங்கரை நகரமான சிட்ராசுபர்க்கில் பிறந்தார். சமயப் பணிக்கென டென்மார்க்கு நாட்டவரால் அனுப்பப்பெற்று, 1776இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 27. சீகன்பால்கு 1706இல் தொடங்கிய பணித்தளம் அது. தமிழ் கற்பதும் சமயம் போதிப்பதுமே அவருக்கு இடப்பட்ட கடமைகள். செடிகளின்மேல் அவருக்குப் பற்று உண்டாக வழிவகுத்தவர் கூனிக் என்னும் மருத்துவர்.

கூனிக் லின்னேயசிடம் நேரே பாடம் கேட்டவர். 1768இல் தரங்கம்பாடி பணித்தளத்துக்கு மருத்துவராக வந்தவர். ஒரு மலரில் எத்தனை மகரந்தத் தாள்கள், எத்தனை சூல்தண்டுகள் என்று எண்ணிப் பார்த்து, செடியை அதன் வகுப்பில் சேர்க்கும் லின்னேயசின் முறையை இம்மண்ணில் வேரூன்றச் செய்தவர் அவர். கூனிக்கும், ராட்லரும், கிளைன், கெய்னே முதலிய நண்பர்களும் தம்மை ஒன்றுபட்ட சகோதரர்கள் என்று அழைத்துக்கொண்டனர். ஒருவர் கண்ட செடியை மற்றவருக்கு அனுப்புவது, கலந்து பேசிப் பெயர் தீர்மானிப்பது என்பது அவர்களின் வழக்கம். 1785இல் கூனிக் மறைந்தார். ஆசானை இழந்த பின்னும் ராட்லர் இப்பணியைக் கைவிடவில்லை.

அக்காலத்தில் பெயர் தெரியாத ஒரு செடியை அடையாளம் காண்பது எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுச் செடிகளுக்கு இன்றுபோல் படமும் விளக்கமும் கொண்ட முழுமையான நூல் இல்லை. செடியைப் பூவும் காயுமாகப் பறிக்க வேண்டும். தாள்களுக்கிடையே வைத்து எடையேற்றி அழுத்த வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். கடற்கரையின் ஈரக்காற்றோ பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் நண்பன். காய்ந்ததும் பூவின் நிறம் மாறிவிடுமாதலால், பறித்த அன்றே நிறத்தையும் இடத்தையும் நாளையும் எழுதி வைக்க வேண்டும். ஐயமான செடிகளைக் கப்பலேற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினால், பாய்மரக் கப்பல் அங்குப் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெர்லின் நகரத்து வில்டினோவும், எர்லாங்கன் நகரத்துச் சிரீபரும் ராட்லர் அனுப்பிய செடிகளைப் பெற்று ஆராய்ந்தவர்களுள் அடங்குவர்.

போதிக்கப் புறப்பட்ட பயணங்களையே ராட்லர் செடி திரட்டும் பயணங்களாகவும் ஆக்கிக்கொண்டார். இலங்கைக்கும் சென்று செடிகளைச் சேர்த்தார். 1799ஆம் ஆண்டையொட்டித் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பிய பயணத்தில் வழிநெடுகக் கண்ட செடிகளைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் வில்டினோவின் விளக்கங்களுடன் 1803இல் பெர்லினில் அச்சேறின. நாம் பேருந்தில் உறங்கியபடியே கடந்துவிடும் வழியை ஒருவர் செடி செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் நாணுகிறது.

1803ஆம் ஆண்டையொட்டி அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் வேப்பேரியே அவருடைய வாழ்விடமாயிற்று. அங்கே சமயப் பணியுடன் வழிபாட்டு நூலைத் தமிழில் பெயர்த்தார். முதுமையில் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்கலானார். அதன் முதற்பகுதி 1834இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 85. நூல் முழுமையடைவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1836 சனவரியில் வேப்பேரியில் அவர் காலமானார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் நம் மண்ணில் உழைத்த உடல் இம்மண்ணிலேயே ஓய்ந்தது. எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் நம் நாட்டு அறிஞர் வேங்கடாசல முதலியாரும் திருத்தி முடிக்க, 1841இல் அகராதி நிறைவுற்றது.

செடி சேர்ப்பதும் சொல் சேர்ப்பதும் வெவ்வேறு துறைகள் என்று முன்பு எண்ணியிருந்தேன். ராட்லரின் வாழ்வை அறிந்தபின் இரண்டும் ஒரே ஒழுக்கமாகத் தோன்றுகின்றன. கண்டதைக் கண்டபடி குறித்தல், ஒத்தவற்றோடு ஒப்பிடுதல், ஐயமிருப்பின் அறிந்தவரைக் கேட்டல், தவறெனில் திருத்திக்கொள்ளுதல் ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது.

பெயர்கள் மாறக்கூடியவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராட்லரின் நினைவாக ராக்சுபரோ என்னும் அறிஞர் கபிலப்பொடி மரத்துக்கு ராட்லெரா என்று பெயர் சூட்டினார். பட்டுக்குச் சாயமேற்றும் செம்பொடியைத் தன் காய்களின்மேல் தரும் மரம் அது. பின்வந்தோர் ஆராய்ந்து அதனை மல்லோட்டசு என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டனர். கீழாநெல்லிக்கும் அதுவே நேர்ந்தது. பழைய நூல்கள் அதனைப் பில்லாந்தசு நிரூரி என்றன. அப்பெயர் உண்மையில் அமெரிக்கச் செடி ஒன்றுக்கே உரியதென்று 1950களில் வெப்சிட்டர் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். இன்று நம் கீழாநெல்லியைப் பில்லாந்தசு அமாரசு என்கிறோம். இத்தகைய திருத்தங்கள் இயல்வதற்கே பழைய உலர்செடிகள் துணை நிற்கின்றன. பெயர் மாறினாலும், தாளில் ஒட்டிய செடி மாறுவதில்லை அன்றோ! ராட்லர் சேர்த்த செடிகள் அவர் மறைவுக்குப்பின் இலண்டன் சென்று, 1870களில் கியூ தாவரத் தோட்டத்தின் காப்பகத்தை அடைந்தன. அறிஞர்கள் இன்றும் அவற்றை எடுத்துப் பார்க்கின்றனர்.

அக்காள் மகன் மருத்துவரின் கவனிப்பில் நலம் பெற்றான். அந்த மேலாநெல்லியை நான் எறிந்துவிடவில்லை. தாளில் அழுத்திக் காயவைத்து, நாள், ஊர், மண்ணின் தன்மை, அம்மா சொன்ன பெயர், நண்பர் சொன்ன பெயர் ஆகிய அனைத்தையும் அடியில் எழுதினேன். அதன் பின் கொல்லையில் புதிதாக எது முளைத்தாலும் பிடுங்கும் முன் ஒன்றை எடுத்து வைக்கிறேன். கேம்பிள் தொடங்கிப் பிசர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டி, நண்பருடன் ஒப்பிடுகிறேன். பலவற்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. சில இன்னும் தாளுக்கிடையே காத்திருக்கின்றன. அம்மாவும் இப்போது பச்சிலையை அம்மியில் வைப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுகிறார்.

மாணவத் தம்பி தங்கையரே! உங்கள் வீட்டு வாசலிலும் கல்லூரி மதிலோரத்திலும் பெயர் தெரியாத செடி ஒன்று நிச்சயம் நின்றுகொண்டிருக்கும். ஒரு பழைய செய்தித்தாளும் பென்சிலும் போதும். கடல்கடந்து வந்த ஒருவர் நம் செடிகளுக்கும் நம் சொற்களுக்கும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நாம் ஒரு மாலைப் பொழுதையேனும் செலவிடுவோமாக.