ஆன் ஹட்சின்சன் (1591 – 1643)



அமெரிக்க சுதந்திரப் போரைப் படிக்கும்போது, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த 13 குடியேற்றங்கள் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவற்றுட் சிலவற்றை மதச் சுதந்திரம் தேடிச் சென்றோர் அமைத்தனர் என்றும் குறிப்பெடுத்திருப்பீர்கள். அது சரியே. எனினும் அவ்வாறு சென்றவர்கள், தாம் தேடிய சுதந்திரத்தைப் பிறருக்கும் வழங்கினார்களா? இந்த வினாவுக்கு விடை காண, ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணியினதும் அவரது குடும்பத்தினதும் வரலாறு உங்களுக்கு உதவும்.

பிறப்பும் கல்வியும்

ஆன் 1591ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்திலுள்ள அல்போர்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் மாபரி, இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. தகுதியற்றோரைக் குருமாராக நியமிப்பதாக மேலதிகாரிகளைக் கண்டித்தமையால், 1578இல் விசாரிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டவர். அந்த விசாரணையில் நடந்தவற்றை அவர் நினைவிலிருந்து எழுதியும் வைத்தார்.

அக்காலத்திற் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கப்படவில்லை. ஆனுக்கு வீடே பள்ளியாயிற்று. வேதாகமத்தைக் கற்றதோடு, அதிகாரத்தின் முன் அஞ்சாது பேசுவதையும் அவர் தந்தையிடமே கற்றார் எனலாம்.

திருமணமும் கடற்பயணமும்

1612இல் ஆன், துணி வணிகரான வில்லியம் ஹட்சின்சனை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 15 பேர். அவர்களில் 14 பேர் இங்கிலாந்திற் பிறந்தனர். 1630இல் சுசானா, எலிசபெத் என்ற இரு பெண் பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தனர். பின்னர் 1633இற் பிறந்த பெண் குழந்தைக்கும் சுசானா என்றே பெயரிட்டனர். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

இக்குடும்பத்தினர் பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைவாதிகள். திருச்சபையைச் சடங்குகளிலிருந்து தூய்மைப்படுத்த வேண்டும் என்பது அவர்களது கொள்கை. முதலாம் சார்ள்ஸ் மன்னரின் ஆட்சியில் அவர்கள்மீது நெருக்குதல் அதிகரித்தது. ஆன் பெரிதும் மதித்த போதகரான ஜோன் கொட்டன் 1633இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். மூத்த மகன் எட்வேர்ட்டும் அவருடன் சென்றார். மறு ஆண்டில், ஆனும் கணவரும் ஏனைய பிள்ளைகளுடன் கிறிபின் என்ற கப்பலில் மசாசூசெற்ஸ் குடாக் குடியேற்றத்தை அடைந்து, பொஸ்டன் நகரில் வாழலாயினர்.

வீட்டில் நடந்த கூட்டங்கள்

ஆன் பிள்ளைப்பேறு பார்ப்பதிலும் நோயாளரைப் பராமரிப்பதிலும் தேர்ந்தவர். இதனால் பொஸ்டன் பெண்கள் பலர் அவரோடு நெருங்கிப் பழகினர். ஞாயிறு பிரசங்கத்தை விளக்குவதற்காக அவர் தமது வீட்டிலே பெண்களைக் கூட்டினார். சிலராகத் தொடங்கிய கூட்டத்துக்கு 60 பேர் வரை வரலாயினர். ஆண்களும் வந்தனர். 1636இல் ஆளுநராக இருந்த ஹென்றி வேனும் அவர்களுள் ஒருவர்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. மீட்பு இறைவனின் அருளால் மட்டுமே கிடைக்கும், ஒருவருடைய ஒழுக்கமான வெளி நடத்தை அதற்குச் சான்றாகாது என்பது ஆனின் கருத்து. குடியேற்றத்தின் போதகர்களிற் பெரும்பாலானோர் இதற்கு மாறாகப் போதிக்கின்றனர் என்றும் அவர் கூறினார். போதகர்களின் செல்வாக்கிலேயே ஆட்சியும் தங்கியிருந்தது. ஆகவே, போதகரைக் குறை கூறுவது ஆட்சியையே குறை கூறுவதாகக் கொள்ளப்பட்டது. 1637இல் வேன் தேர்தலில் தோற்று, ஜோன் வின்த்றொப் மீண்டும் ஆளுநரானார்.

விசாரணை

1637 நவம்பரில் ஆன் மன்றின் முன் நிறுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. தலைமை வகித்தவரும், குற்றம் சாட்டி வினவியவரும், தீர்ப்பை அறிவித்தவரும் ஆளுநர் வின்த்றொப்பே. ஆனுக்காக வாதாட வழக்கறிஞர் எவரும் இல்லை.

கூட்டம் நடத்தியது தவறு எனப்பட்டபோது, மூத்த பெண்கள் இளையோருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற வேதாகமப் பகுதியை அவர் எடுத்துக்காட்டினார். போதகர்களை இழிவுபடுத்தினார் எனப்பட்டபோது, அது தனிப்பட்ட உரையாடல் என்றார். சாட்சி சொன்ன போதகர்கள் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்றும் கோரினார். போதகர்கள் தயங்கினர். வழக்கு ஆட்டங்கண்டது.

ஆனால் இரண்டாம் நாள், இறைவன் தமக்கு நேரடியாக உண்மையை வெளிப்படுத்தினார் என்று ஆன் தாமே கூறினார். தம்மைத் துன்புறுத்துவோருக்கு அழிவு வரும் என்றும் எச்சரித்தார். எதிராளிகளுக்கு இதுவே போதுமானதாயிற்று. குடியேற்றத்திலிருந்து அவரை வெளியேற்ற மன்று தீர்ப்பளித்தது. எக்காரணத்துக்காக என்று அவர் கேட்டபோது, காரணத்தை மன்று அறியும் என்பதே பதிலாகக் கிடைத்தது.

குளிர்காலம் முழுவதும் குடும்பத்தைப் பிரிந்து காவலில் இருந்த அவரை, 1638 மார்ச்சில் பொஸ்டன் திருச்சபையும் விசாரித்து விலக்கியது. அன்று ஜோன் கொட்டனும் அவரைக் கைவிட்டார். மகன் எட்வேர்ட்டும் மருமகன் தோமஸ் சவேஜும் தடுத்துப் பேசியமையாற் கண்டிக்கப்பட்டனர். தண்டனை பெற்று வெளியேறிய ஆனுடன் எழுந்து நடந்தவர் மேரி டையர் என்ற தோழி. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த இவர், 1660இல் அதே பொஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

குடும்பம் கொடுத்த விலை

வில்லியம் தம் வணிகத்தையும் மதிப்பையும் விட்டு மனைவியுடன் சென்றார். முன்னரே வெளியேற்றப்பட்டிருந்த றொஜர் வில்லியம்ஸின் உதவியுடன் நறகன்செற் பழங்குடியினரிடம் நிலம் பெற்று, 1638இல் போட்ஸ்மத் என்ற குடியிருப்பை அமைத்தோருள் அவரும் ஒருவர். இது இன்று றோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ளது. பொஸ்டன் திருச்சபையிலிருந்து ஆட்கள் வந்தபோது, திருச்சபையிலும் மனைவியோடே தாம் நெருங்கப் பிணைக்கப்பட்டவர் என்று அவர் கூறி அனுப்பினார்.

1641இல் வில்லியம் இறந்தார். மசாசூசெற்ஸ் தம்மை இங்கும் தொடரும் என அஞ்சிய ஆன், 1642இல் இளைய பிள்ளைகளுடன் ஒல்லாந்தரின் நியூ நெதர்லாந்துக்குச் சென்றார். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலிக் கோட்டையைக் கைப்பற்றினார்கள் என நீங்கள் படித்த அதே ஒல்லாந்தரே இவர்கள். ஆன் குடியேறிய இடம் இன்றைய நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதி.

1643 பெப்ரவரியில் ஒல்லாந்த ஆளுநர் கீப்ட்டின் படையினர், தஞ்சமடைந்திருந்த பழங்குடியினரில் நூற்றுக்கு மேற்பட்டோரை இரவிற் கொன்றனர். அதனால் மூண்ட போர் எங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் சிவனோய் பழங்குடியினர் ஆனையும், அவருடனிருந்த 6 பிள்ளைகளையும், வீட்டிலிருந்த வேறு சிலரையும் கொன்றனர். ஒல்லாந்தர் செய்த கொடுமைக்கு, அதிற் சம்பந்தப்படாத ஒரு குடும்பம் பலியானது. பொஸ்டன் போதகர்களோ இதனை இறைவனின் தண்டனை எனக் கூறினர்.

தப்பியவள் சிறுமி சுசானா மட்டுமே. சிறைப்பிடிக்கப்பட்ட அவள் சில ஆண்டுகள் பழங்குடியினரிடையே வளர்ந்து, பின் மீட்கப்பட்டாள். 1651இல் பொஸ்டனில் அவளுக்குத் திருமணம் நடந்தது.

பின்வந்த காலம்

பொஸ்டன் திரும்பிய எட்வேர்ட், குவேக்கர்கள் துன்புறுத்தப்படுவதை எதிர்த்தார். அவரது வழியில், ஆனுக்குப் பின் நான்காந் தலைமுறையில் வந்தவர் தோமஸ் ஹட்சின்சன். 1773இல் பொஸ்டன் தேநீர் விருந்து நிகழ்ந்தபோது மசாசூசெற்ஸ் ஆளுநராக இருந்தவர் இவரே. தம் மூதாட்டியின் விசாரணைப் பதிவை 1767இல் தமது வரலாற்று நூலில் வெளியிட்டவரும் இவரே.

றோட் ஐலண்ட் 1663இல் மதச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரச பட்டயத்தைப் பெற்றது. 1791இல் அமெரிக்க யாப்பின் முதலாம் திருத்தம் மதச் சுதந்திரத்தையும் பேச்சுச் சுதந்திரத்தையும் உறுதிசெய்தது. வெளியேற்றத் தீர்ப்பை மசாசூசெற்ஸ் ஆளுநர் மைக்கல் டுகாகிஸ் நீக்கியது 1987இலேயே. அதற்குள் 350 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மாணவர் கவனத்திற்கு

ஆன் வெளியேற்றப்பட்டமைக்கான காரணங்களை எழுதும்போது, மதக் காரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பின்வரும் மூன்றையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.

1. மதக் காரணம்: மீட்பு பற்றிய கருத்து வேறுபாடும், நேரடி வெளிப்பாடு பெற்றதாகக் கூறியமையும்.
2. அரசியற் காரணம்: வேன், வின்த்றொப் பிரிவினரிடையே நிலவிய போட்டி.
3. சமூகக் காரணம்: ஒரு பெண், ஆண்களும் இருந்த சபையிற் கற்பித்தமை.

துன்புறுத்தப்பட்டோர் அதிகாரம் பெற்றதும் தாமே துன்புறுத்துவோராக மாறலாம் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. 13 குடியேற்றங்களைப் பற்றி எழுதும்போது இதனையும் சேர்த்துச் சிந்தியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஆன் ஹட்சின்சன் பொஸ்டனை வந்தடைந்த ஆண்டு எது?
2. போட்ஸ்மத் குடியிருப்புக்கு நிலம் பெற உதவியவர் யார்?
3. 1637ஆம் ஆண்டு விசாரணை நீதியானதன்று எனக் கூறுவதற்கு இரண்டு காரணங்கள் தருக.
4. மதச் சுதந்திரம் தேடிச் சென்றோர் அதனைப் பிறருக்கு வழங்கினர் எனக் கூற முடியுமா? ஆன் ஹட்சின்சன் குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.