தமிழில் டாக்டர்களைத் தயாரித்த அமெரிக்கர்

வைத்தியப் படிப்பைத் தமிழில் சொல்லித் தர முடியுமா, முடியாதா? இந்தச் சர்ச்சை தமிழ்நாட்டில் வெகு காலமாக நடந்து வருகிறது. முடியும் என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு; கலைச்சொல்லுக்கு எங்கே போவது என்று கையை விரிப்பவர்களும் உண்டு. ஆனால் 1864-ஆம் வருஷத்திலேயே ஒருவர் இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், மாணவர்களை உட்கார வைத்துத் தமிழிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

அவர் தமிழர் அல்ல. அமெரிக்கர். டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பது அவர் பெயர். பாடம் நடந்த இடம், யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாய் கிராமம்.

மாஸசூஸட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் நகருக்கு அருகே கிரீன் ஹில் என்ற பண்ணையில், 1822 அக்டோபர் 10-ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் வக்கீல். பாட்டனார் வழியில் வைத்தியத் தொழில் இருந்தது. வீடு நிறையக் குழந்தைகள். அவருக்கு மூத்த சகோதரர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க் நகரின் புகழ்பெற்ற மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1898-ல் சுற்றுப்புற ஊர்களையெல்லாம் இணைத்துப் பெரிய நியூயார்க் ஏற்படக் காரணமாயிருந்தவரும் அவரே. அண்ணன் உலகத்தின் பெரிய நகரம் ஒன்றை அமைத்தார். தம்பிக்கு வாய்த்தது பனங்காட்டு நடுவே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. ஆனால் அதை அவர் தாமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டார்.

1845-ல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் காரும் வண்டியுமாக என்று சொல்ல அந்தக் காலத்தில் கார் கிடையாது. குதிரை வண்டியும் மாடி வீடுமாக வாழ்ந்திருக்கலாம். அவர் அமெரிக்க மிஷனுக்கு விண்ணப்பம் அனுப்பினார். இலங்கைக்குப் போகும்படி உத்தரவு வந்தது.

ஆறு மாதக் கப்பல் பிரயாணம்

1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். வயது 24. கல்யாணம் ஆகவில்லை. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். ஆகையால் ஆப்பிரிக்கா முனையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அந்த வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் வைத்திய சாஸ்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவர் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை புரியும். ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து வலி தெரியாமல் அறுக்கலாம் என்பதை அதே பாஸ்டன் நகரில் உலகத்துக்கு முதன்முதலாகப் பகிரங்கமாகக் காட்டியது 1846 அக்டோபர் 16-ஆம் தேதி. அதாவது அவர் கப்பல் ஏறுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு! கிருமிகளால் புண் சீழ் பிடிக்கிறது என்பதைக் கொண்டு லிஸ்டர் சிகிச்சை முறையை மாற்றியது 1867-ல். காலரா எதனால் வருகிறது என்று டாக்டர்களே திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். ஜெர்மானிய நிபுணர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை அடையாளம் காட்டியது, கிரீன் காலமான அதே 1884-ஆம் வருஷத்தில்தான். அப்படியானால் அவர் வாழ்நாள் முழுவதும் போராடியது முகம் தெரியாத எதிரியோடு.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கர்கள் புதியவர்கள் அல்ல. 1816 முதலே அவர்கள் அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய செமினரி தமிழும் இங்கிலீஷும் சாஸ்திரங்களும் கற்றுத் தருவதில் பெயர் வாங்கியிருந்தது. டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு சென்னைக்குப் போனார். வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய அம்மையார் ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியே. ஸ்கடருக்குப் பின் டாக்டர் நாதன் வார்டு. வார்டு விட்டுப்போன இடத்துக்குத்தான் கிரீன் வந்தார்.

முதலில் வட்டுக்கோட்டையில் ஒரு மருந்துச்சாலை. மறு வருஷமே, 1848-ல், மானிப்பாய்க்கு ஜாகையை மாற்றிக்கொண்டார். மானிப்பாய் அப்போதே புஸ்தகம் அச்சாகும் ஊர். 1842-ல் வெளிவந்த தமிழ் அகராதிக்கு மானிப்பாய் அகராதி என்றே பெயர். தமிழ்ச் சொற்களைத் தேடி அலையப்போகிற ஒரு மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

கண்ணோய், புண், கட்டி, அம்மை, பாம்புக்கடி, பனையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர்கள் என்று ஜனங்கள் வந்தார்கள். உள்ளூர் வைத்தியர் பார்த்துக் கைவிட்ட பிறகு வருவோர் அநேகம். பிரசவ வேதனையில் தவிக்கும் பெண்ணைப் பார்க்க வெள்ளைக்கார ஆண் டாக்டரை அழைப்பதென்றால் எந்தக் குடும்பமும் லேசில் சம்மதிக்குமா? எல்லாக் கையும் ஓய்ந்த பிறகுதான் அழைப்பு வரும்.

ஒரு விஷயத்தை மறைப்பதற்கில்லை. அவர் வந்தது வைத்தியத்துக்காக மட்டும் அல்ல. கிறிஸ்துவின் செய்தியைச் சொல்வதே முதல் வேலை, மருந்து அதற்குத் துணை என்றுதான் அவரை அனுப்பியவர்கள் எண்ணினார்கள். அவரும் அப்படியே எண்ணினார். ஆஸ்பத்திரியில் ஜெபமும் பிரசங்கமும் நடக்கும். மருந்துக்கு வந்தவர்களில் மதம் மாறியவர்கள் சொற்பம். சைவ மதத்தில் ஊறிய சீமை அது. ஆறுமுக நாவலர் பிரசங்க மேடையிலும் அச்சுக்கூடத்திலும் மிஷனரிகளுக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் மருந்துக்கு வருகிறவர் கூட்டம் குறையவில்லை.

பட்டணம் போன மாணவர்கள்

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? வந்த மறு வருஷமே இரண்டு மூன்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்திய வகுப்பைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் இங்கிலீஷ் படித்த பிள்ளைகள். அமெரிக்காவில் இருந்து படிப்புக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரையே அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சூட்டுவது வழக்கம். ஆகவே அசல் யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளைகள் டான்ஃபோர்த், சாப்மன் என்ற பெயர்களோடு விளங்கினார்கள்! பாடம் இங்கிலீஷில் நடந்தது. புஸ்தகத்தில் படித்ததை அடுத்த அறையில் நோயாளியின் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வசதி இருந்தது.

மாணவர்கள் கெட்டிக்காரர்களாக வெளிவந்தார்கள். வந்ததும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. கொழும்பிலும் கண்டியிலும் இங்கிலீஷ் தெரிந்த வைத்தியருக்கு நல்ல சம்பளம். ஆசை யாரை விட்டது? பெற்றோர் கடன் வாங்கிப் படிக்கவைத்த பிள்ளை கிராமத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவேண்டும் என்று யார்தான் சொல்வார்கள்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மானிப்பாய்க்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கும் டாக்டர் இல்லாமல் போயிற்று.

இதுதான் கிரீனை உறுத்தியது. தாம் கஷ்டப்பட்டுத் தயாரிக்கும் வைத்தியன், தமிழ் ஜனங்களை விட்டு வெளியேறுவதற்கு இங்கிலீஷே கதவாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கதவை மாற்றவேண்டும். தமிழில் படித்தவன் தமிழ் பேசும் ஊரில் இருப்பான். தவிர, இங்கிலீஷ் கற்கவே பாதி ஆயுள் போய்விடும் ஏழைப் பிள்ளைகளும் வைத்தியம் படிக்க வழி பிறக்கும்.

சொல் தேடிய கதை

தமிழில் படிப்பிக்கவேண்டுமானால் தமிழில் புஸ்தகம் வேண்டும். அந்த வேலையை வந்த சில வருஷங்களிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். தமிழை முறையாகக் கற்றார். கால்வின் கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய உடல்நூலைத் தமிழாக்கி 1852-ல் வெளியிட்டார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்று அதன் மூன்று பகுதிகளுக்கும் பெயர். முதலாவது உடலின் அமைப்பு, இரண்டாவது உறுப்புகள் வேலை செய்யும் விதம், மூன்றாவது சுகாதாரம். 1857-ல் பிரசவ வைத்தியம் பற்றிய நூல் வந்தது. பெண்களின் அறைக்குள் தம்மால் போகமுடியாத குறையை நூலாவது தீர்க்கட்டும் என்று அதை முன்னுக்கு எடுத்துக்கொண்டாரோ என்னவோ!

சொல்லுக்கு அவர் வகுத்துக்கொண்ட முறை நேர்த்தியானது. முதலில் தமிழ் வைத்திய நூல்களிலும் ஜனங்களின் பேச்சிலும் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் சமஸ்கிருதம். அதிலும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்வது. கெமிஸ்ட்ரி என்பது அவர் கையில் கெமிஸ்தம் ஆயிற்று! இன்று இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். அங்காதிபாதமும் சுகரணமும் அகராதியோடு நின்றுவிட்டன என்பதும் நிஜம். வடமொழி வாடை அதிகம் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கவும் இடம் உண்டு. ஆனால் முன்னால் ஒரு தடமும் இல்லாத காட்டில் நடந்தவர் அவர். சொல் அழகாக வரட்டும் என்று காத்திருந்தால் நோயாளி காத்திருக்க மாட்டான்.

தனியாக அவர் எழுதிக் குவிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டான்ஃபோர்த், சாப்மன் முதலிய மாணவர்களே மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டார்கள். குருவின் பெயர் நிலைத்த அளவுக்குச் சிஷ்யர்களின் பெயர் நிலைக்கவில்லை.

உழைப்பு உடம்பைத் தின்றது. 1857-ல் ஓய்வுக்காக அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஐந்து வருஷம் போயிற்று. 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்துகொண்டு, மனைவியோடு மறுபடியும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறினார். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டு யுத்தத்தில் அமெரிக்கா எரிந்துகொண்டிருந்த சமயம் அது.

திரும்பி வந்து இரண்டு வருஷத்தில், 1864-ல், வகுப்பை முற்றிலும் தமிழுக்கு மாற்றினார். சந்தேகப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. தமிழில் படித்தவனை டாக்டர் என்று யார் மதிப்பார்கள், அவனுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்ற கேள்விகள் நியாயமானவையே. கிரீன் அசையவில்லை. புஸ்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1867-ல் இரண வைத்தியம். அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. 1872-ல் வைத்தியாகரம். அதே வருஷம், லண்டனில் வெளியான கிரேயின் பிரசித்தி பெற்ற உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் வந்தது. இங்கிலீஷில் அது முதன்முதலாக அச்சானது 1858-ல். பதினாலே வருஷத்தில் தமிழில்! 1875-ல் கெமிஸ்தம் வந்தது. கலைச்சொற் பட்டியல்களும் தனியே அச்சாயின. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல்.

அவர் தயாரித்த வைத்தியர்கள் மொத்தம் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

இன்னொரு விஷயத்திலும் அவர் தம்மவர்களிடமிருந்து வித்தியாசப்பட்டார். மதம் மாறிய தமிழர்கள் தொப்பியும் கால்சட்டையும் மேஜை நாற்காலியுமாக மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவனாகட்டும், ஆனால் உடையிலும் உணவிலும் வீட்டு வாழ்க்கையிலும் தமிழனாகவே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. துரைமார் நடையைப் பார்த்துப் பழகிய சிலருக்கு இது கசந்திருக்கும்.

1873-ல் உடல்நிலை மீண்டும் மோசமாகி, குடும்பத்தோடு கிரீன் ஹில்லுக்கே திரும்பினார். குணமானதும் வருவதாகத்தான் எண்ணம். அது கைகூடவில்லை. கொழும்பில் 1870-லேயே சர்க்கார் வைத்தியப் பள்ளி இங்கிலீஷில் தொடங்கிவிட்டது. பட்டமும் பதவியும் அந்தப் பக்கம் இருக்க, மானிப்பாயின் தமிழ் வகுப்பு அவருக்குப் பிறகு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவர் முதலில் பயந்தது எதுவோ, அதுவே கடைசியில் ஜெயித்தது.

கிரீன் ஹில்லில் பனி கொட்டும் குளிர்காலங்களில், தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட இல்லாத ஊரில், அவர் தமிழ்ப் புஸ்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். மனுஷ சுகரணம் 1883-ல் வெளிவந்தது. மறு வருஷம், 1884 மே 28-ஆம் தேதி, 61-ஆவது வயதில் காலமானார்.

வூஸ்டர் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தமக்கு ஆடம்பரமான சின்னம் கூடாது என்றும், கல்லில் என்ன எழுதவேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதன்படி அவர் பெயரும், பிறந்த இறந்த வருஷங்களும், தமிழர்களுக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்ற வாசகமும், இயேசுவே தமக்கு எல்லாம் என்ற வரியும் பொறிக்கப்பட்டன. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.