ஏழு நரம்பில் உள்ளத்தைக் கண்ட விபுலாநந்த அடிகளார்

ஆலயத்தில் பூசை நிறைவேறும் வேளையில் பஞ்சபுராணம் ஓதப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சொல் ஒன்றும் விளங்காத சிறு பிள்ளையும் அவ்வேளையில் அமைதியாகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். சொல்லின் பொருள் சென்று சேராத இடத்திற்கும் இசை சென்று சேர்கிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்ற வினாவிற்கு விடை தேடித் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஈழத்திருநாடு ஈன்ற முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்த அடிகளார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

மட்டக்களப்பு மாநிலத்தின் காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மைந்தராக 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கண்ணகி அம்மன் வழிபாடு செழித்த ஊர் அது. கண்ணகி கதையையும் கடலோசையையும் கேட்டு வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தைத் தம் ஆராய்ச்சிக்கு அடித்தளமாகக் கொண்டதில் வியப்பில்லை.

பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். பௌதிகமும் கணிதமும் கற்றவர், சங்க இலக்கியமும் கற்றவர் என்ற இவ்விரு தகைமையும் ஒருவரிடத்தே கூடியமையால்தான் யாழ் பற்றிய ஆராய்ச்சி கைகூடியது.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த அவர், 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் திருநாமம் பெற்றார். தாயகம் திரும்பிக் கல்விப் பணியில் ஈடுபட்டார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

மறைந்துபோன யாழ்

யாழ் நம் முன்னோரின் இசைக்கருவி. வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் எனப் பல வகைப்பட்டது. திருஞானசம்பந்தப் பெருமானுடன் திருத்தலங்கள் தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கையில் இருந்ததும் யாழே. காலப்போக்கில் அக்கருவி வழக்கொழிந்தது. எஞ்சியவை பெரும்பாலும் இலக்கியக் குறிப்புகளே. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைக் கூறும் ஒரு சில அடிகளையும் அவற்றிற்கான பழைய உரையையும் துணைகொண்டு, ஒலியின் அளவைக் கணித முறையால் வகுத்து, அக்கருவியை மீட்டெடுக்க அடிகளார் முனைந்தார். இமயச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் "பிரபுத்த பாரத" சஞ்சிகையின் ஆசிரியராய் இருந்த காலத்திலும் இவ்வெண்ணம் அவரை விட்டு அகலவில்லை. 1943இல் கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பின்னும் பணி தொடர்ந்தது. அப்பல்கலைக்கழகமே 1952இல் நம் அயலிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது என்பது கண்டி மாவட்டத்தவராகிய நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

முதல் மாறினால் உணர்வும் மாறும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் கண்ட ஏழிசை. ஏழு நரம்பையும் ஒருமுறை சுருதி கூட்டிக் குரலை முதலாகக் கொண்டு இசைத்தால் செம்பாலை பிறக்கும். எந்த நரம்பையும் முறுக்காமல், தளர்த்தாமல், துத்தத்தை முதலாக்கினால் படுமலைப்பாலை பிறக்கும். இவ்வாறே செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழும் தோன்றும். யாழ்நூலின் பாலைத்திரிபியல் இந்நுட்பத்தையே விரிக்கின்றது.

செம்பாலையை அரிகாம்போதி எனவும், அரும்பாலையைச் சங்கராபரணம் எனவும், படுமலைப்பாலையை நடபைரவி எனவும் இன்றைய இசை அறிஞர் பலர் கொள்வர். மேனாட்டார் மேஜர், மைனர் என வழங்கும் இரு ஸ்கேல்கள் முறையே சங்கராபரணமும் நடபைரவியுமே. மேஜரில் மகிழ்ச்சியும் மைனரில் ஏக்கமும் தோன்றும் என்பர். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில் முதன்மையானது மூன்றாம் சுரமாகிய காந்தாரம். அஃது அரைச் சுரம் இறங்கியதும் பாட்டின் முகமே வாடிவிடும். இன்று கீபோர்டில் சினிமாப் பாடலுக்கு மெட்டமைப்போரும் இந்த உண்மையைக் கொண்டே தொழில் செய்கின்றனர்.

ஆயினும் சுரவரிசை ஒன்றே உணர்வைத் தந்துவிடுவதில்லை. தக்கேசிப் பண் இன்று காம்போதியாகவும், செவ்வழிப் பண் யதுகுலகாம்போதியாகவும் பாடப்படுகின்றன. இரண்டும் அரிகாம்போதியின் வழிவந்தவையே. முன்னையது கம்பீரம், பின்னையது உருக்கம். எந்தச் சுரத்தில் நின்று, எதை அசைத்து, எப்படி இறங்குகிறோம் என்பதிலேயே இவ்வேறுபாடு பிறக்கிறது. பழந்தமிழர் 103 பண்கள் வகுத்தமைக்குக் காரணமும் இதுவே.

யாழ்நூலின் தேவாரவியல் நமக்கு மிக நெருக்கமானது. சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்ட சம்பந்தக் குழந்தை பாடிய முதற் பதிகம் நட்டபாடைப் பண். அது கம்பீரநாட்டை என வழங்கும். சுவாமி வீதியுலா புறப்படுகையில் நாதஸ்வரத்தில் மல்லாரி முழங்குவதும் இந்த இராகத்திலேயே. சூலைநோயால் துடித்த அப்பர் பெருமான் திருவதிகையில் பாடிய முதற் பதிகமோ கொல்லிப் பண். ஒன்று பெருமித மகிழ்ச்சி, மற்றொன்று நைந்த உள்ளத்தின் முறையீடு. பண்ணை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் ஒப்புவித்தால் பதிகத்தின் பாதியை இழந்தவர்களாவோம்.

நிறைவு

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூன் மாதத்தில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே, இறைவன் திருமுன் அது அரங்கேறியது. அடிகளாரின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கு மீண்டும் ஒலித்தன. உடல்நலம் குன்றியிருந்த அடிகளார், எடுத்த பணி முடிந்ததைக் கண்ணாரக் கண்டு, அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அரங்கேற்றத்திற்கும் மறைவிற்கும் இடையே இருந்தவை சில வாரங்களே. அவர் திருவுடல் தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது.

யாழ் ஒருமுறை மறைந்ததால் அதனை மீட்க ஒரு மேதையின் ஆயுள் வேண்டியிருந்தது. பண் இன்னும் மறையவில்லை. ஆனால் எல்லாத் தேவாரத்தையும் ஒரே மெட்டில் பாடும் வழக்கம் ஊர்தோறும் பரவி வருகின்றது. நம் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு பண்ணையேனும் முறையாகப் பயின்று, திருவிழாக் காலத்தில் இறைவன் சந்நிதியில் பாடுவார்களாயின், அதுவே அடிகளாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.