கொழும்பு வரை ஒரு டிக்கெட்

சில வருடங்களுக்கு முன் நாங்கள் பன்னிரண்டு பேர் மும்பையிலிருந்து அமெரிக்கா புறப்பட்டோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோருக்கும் அங்கே ஒரு பிள்ளையோ பெண்ணோ உண்டு. சேர்ந்து போனால் பேச்சுத் துணையாக இருக்கும் என்று ஒரே விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தோம். நடுவழியில், ஐரோப்பாவில், அடுத்த விமானத்தைத் தவறவிட்டோம். பதினாறு மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்து கால் வீங்கியது. பேச்சுத் துணைக்கு வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டோம்!

அப்போது என் கைப்பையில் ஸ்வாமி விவேகானந்தரின் பிரயாணக் குறிப்புகள் இருந்தன. 1899-ம் வருடக் கப்பல் பயணத்தைப் பற்றி அவர் வங்காளியில் எழுதியது. சிகாகோ பிரசங்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். இந்த இரண்டாவது பயணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தபோது என் சிரமம் எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்கும் மேலாக, அதில் வரும் நம்மவர் ஒருவர் மனதை விட்டு அகலவே இல்லை. அவர்தான் அளசிங்கப் பெருமாள்.

அளசிங்கர் 1865-ல் பிறந்தவர். மைசூர்ப் பக்கத்து மண்டயம் ஐயங்கார் குடும்பம். வாழ்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியர். குடும்பமோ பெரிது, வருமானமோ சொற்பம். கன்னியாகுமரிக்குப் போய்விட்டு சென்னை வந்து சேர்ந்த முப்பது வயது வங்காள சந்நியாசியைக் கண்டதும், இவர் சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போயே ஆகவேண்டும் என்று தீர்மானித்தவர்களில் முதல்வர் அவர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். முதலில் சேர்ந்த தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி ஸ்வாமிஜி சொல்லிவிட்டார். அளசிங்கர் சளைக்கவில்லை. மறுபடியும் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். ராஜாக்கள் கொடுத்ததும் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பத்தார் கொடுத்த காசுக்குத்தான் அவர் அதிகம் அலைந்தார்.

1893 மே 31 அன்று பம்பாயிலிருந்து ஸ்வாமிஜி கப்பலேறினார். சென்னையிலிருந்து பம்பாய் வரை வந்து வழியனுப்பியவர் அளசிங்கர். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று போய், ஜூலை 25-ல் கனடாவின் வான்கூவரில் இறங்கினார் ஸ்வாமிஜி. உடம்பில் குளிருக்கேற்ற துணி இல்லை. சிகாகோ போய்ச் சேர்ந்தால், சபை செப்டம்பரில்தான் என்கிறார்கள். கையிருப்பு கரைந்தது. யாரிடம் கேட்பது? சென்னைக்குத்தான் எழுதினார். அளசிங்கர் மறுபடியும் பணம் திரட்டி அனுப்பி வைத்தார். செப்டம்பர் 11-ல் நடந்தது உலகம் அறிந்த கதை. அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் தேய்ந்த பாதங்கள் இருக்கின்றன.

1897 பிப்ரவரியில் ஸ்வாமிஜி வெற்றியோடு சென்னை வந்தபோது ஒன்பது நாள் ஐஸ் ஹவுஸில் தங்கினார். ஊரே திரண்டது. ஆனால் ஊர்க்கூட்டம் கலைந்த பிறகும் வேலை இருக்கிறதே! அவர் சொற்படி அளசிங்கர் 1895-லேயே பிரம்மவாதின் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அதை நடத்துவதில் கையைக் கடித்தது. சகோதரப் பத்திரிகையான பிரபுத்த பாரதத்தின் ஆசிரியர், கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமையர், 1898-ல் இருபத்தாறு வயதிலேயே காலமானார். குருவிடம் கேட்டுத் தெளியவேண்டிய விஷயங்கள் அளசிங்கரிடம் குவிந்து கிடந்தன.

இந்த நிலையில்தான் 1899 ஜூன் 20 அன்று கல்கத்தாவிலிருந்து கோல்கொண்டா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் ஸ்வாமிஜியோடு இரண்டு பேர். ஒருவர் ஸகோதர சந்நியாசி துரீயானந்தர். பிராம்மணக் குலத்தில் பிறந்து ஆசார நியமத்தோடு வளர்ந்த வேதாந்தி. மேல்நாடு போக மனமே இல்லாதவர். ஸ்வாமிஜி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டுத் துணைக்கு அழைத்ததால் இணங்கினார். இன்னொருவர் சகோதரி நிவேதிதா. ஸ்வாமிஜிக்கு அப்போது வயது முப்பத்தாறுதான். ஆனால் ஆஸ்துமாவும் நீரிழிவும் உடம்பை உருக்கிவிட்டிருந்தன. கடல் காற்று நல்லது என்று வைத்தியர்கள் சொன்னதும் இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம்.

ஜூன் 24-ல் கப்பல் சென்னைத் துறைமுகம் வந்தது. கல்கத்தாவில் பிளேக் பரவியிருந்த காலம். அங்கிருந்து வரும் இந்தியர் சென்னையில் இறங்கக்கூடாது என்பது சட்டம். விலக்கு வேண்டி ஊர்ப் பெரியவர்கள் மனுப் போட்டும் பலிக்கவில்லை. எந்த ஊர் அவரைக் கடல் கடந்து அனுப்பி வைத்ததோ, அந்த ஊரின் கரையைக் கப்பலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அன்பர்கள் படகில் வந்து கப்பலைச் சூழ்ந்தார்கள். மாம்பழம், வாழைப்பழம், தேங்காய், தயிர் சாதம், பக்ஷணம் என்று கூடை கூடையாக மேலே ஏறிற்று. நம்மவர் வழியனுப்பும் முறை அன்றும் இன்றும் ஒன்றேதான்! மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர். கீழே படகில் இவர்கள். வெயிலில் வெகுநேரம் நின்று ஸ்வாமிஜிக்குத் தள்ளாமை வந்துவிட்டது. பத்திரிகை விஷயம் பேச இது இடமா?

அளசிங்கர் ஒரு காரியம் செய்தார். கொழும்பு வரை ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டார்.

இதன் கனத்தை நாம் இன்று உணர்வது கஷ்டம். கடல் கடந்தால் ஜாதி போய்விடும், பிராயச்சித்தம் வேண்டும் என்று அக்ரஹாரங்களில் வழக்கு நடந்த காலம் அது. ஏறினவரோ குடுமியும் நாமமும் தரித்த வைஷ்ணவர். தலை முன்புறம் மழித்து, வேஷ்டியோடு, செருப்பில்லாத காலோடு துரைமார் உலவும் கப்பல் தட்டில் உலவினார். கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. பசித்தால் அவலும் பட்டாணியும் கொறித்தார். ஸ்வாமிஜி இதைச் சிரிக்கச் சிரிக்க வர்ணித்துவிட்டு, இப்படிப்பட்ட குருபக்தி உலகில் அபூர்வம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

மாலையில் கப்பல் நகர்ந்தபோது கரையிலிருந்து பெரிய கோஷம் எழுந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஆயிரம் பேர் போலத் துறைமுகச் சுவரில் நின்றிருந்தார்கள்.

சென்னையிலிருந்து இலங்கை போய்ச் சேர நான்கு நாள். கடல் கொந்தளித்து, கப்பல் தாறுமாறாக ஆடி, பிரயாணிகள் பலர் தலைதூக்க முடியாமல் கிடந்தார்கள். அந்த நான்கு நாள்தான் அளசிங்கருக்குக் கிடைத்தது. கொழும்பில் இறங்கி அவர் ஊர் திரும்ப, கப்பல் மேற்கே சென்றது. பருவமழைக் காற்று முகத்தில் அறைய, ஆறு நாளில் போகவேண்டிய ஏடனுக்குப் பத்து நாள் ஆயிற்று. அங்கும் பிளேக் பயத்தால் யாரும் இறங்க முடியவில்லை. ஜூலை 14-ல் சூயஸ். அங்கே கரையாட்கள் கப்பலைத் தொடக்கூடாது என்று, மாலுமிகளே சாமான்களை இறக்கினார்கள். காத்திருந்த பிரயாணிகள் தூண்டில் போட்டுச் சுறா பிடித்ததை ஸ்வாமிஜி சிறுபிள்ளை போல் ரசித்து எழுதியிருக்கிறார். பிறகு நேபிள்ஸ், மார்சேல்ஸ். ஜூலை 31 அன்று லண்டன். ஏறக்குறைய ஆறு வாரம்! கப்பல் தட்டில் ஸ்வாமிஜியின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த நிவேதிதா, அந்த ஆறு வாரத்தைத் தன் வாழ்வின் பெரும் பாக்கியமாகக் கருதினார். ஆகஸ்டில் ஸ்வாமிஜியும் துரீயானந்தரும் அங்கிருந்து அமெரிக்கா போனார்கள்.

1900 டிசம்பரில் ஸ்வாமிஜி இந்தியா திரும்பினார். ஆனால் சென்னை மண்ணை அவர் பிறகு மிதிக்கவே இல்லை. 1902 ஜூலை 4 அன்று பேலூர் மடத்தில் முப்பத்தொன்பதாவது வயதில் ஸமாதியடைந்தார். அளசிங்கர் பத்திரிகையை விடாமல் நடத்தி 1909-ல் காலமானார்.

இதைப் படித்து முடித்தபோது எனக்கு என் அத்திம்பேர் ஞாபகம் வந்தார். எழுபத்தாறு வயது. எங்களை வழியனுப்பப் புணேயிலிருந்து ரயிலேறி, இரவு பதினொரு மணிக்கு விமான நிலையத்து வாசலில் புளியோதரைப் பொட்டலத்தோடு நின்றார். இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று சிடுசிடுத்துவிட்டு, பெட்டி எடை பற்றிய கவலையில் நான் உள்ளே போய்விட்டேன். அவரிடம் பத்து நிமிஷம் நின்று பேசவில்லை. அந்தப் பொட்டலத்தைத்தான் அந்தப் பதினாறு மணி நேரத்தில் பன்னிரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகுதான் மறுபடியும் பேச்சே வந்தது.

நியூஜெர்ஸியில் பிள்ளை வீட்டில் கால் வைத்ததும் முதல் டெலிபோன் அத்திம்பேருக்குத்தான். பிரயாணம் சௌகரியமா, புளியோதரை ஊசிப்போகாமல் இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

நம் குடும்பங்களில் இன்று கடல் தாண்டாதவர்கள் குறைவு. போனவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். கொழும்பு வரை டிக்கெட் எடுத்தவர்களும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நின்று பேச நாம்தான் நேரம் ஒதுக்கவேண்டும்.