கட்டடத்திடம் கணக்குக் கேட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல்

'கைவிளக்கேந்திய காரிகை' என்று பள்ளிக்கூடத்தில் பாடம் படித்திருக்கிறோம். போரில் காயம்பட்ட சிப்பாய்களின் படுக்கை அருகே இரவில் விளக்குடன் வந்து நின்ற அம்மையார் என்ற அளவில்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் நம் நினைவில் இருக்கிறார். அவர் போர்முனை மருத்துவமனையில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நோயாளிகளும் முதியவர்களும் ஆதரவற்றவர்களும் தங்கும் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அடிக்கணக்கில் அளவு சொன்னது அந்த ஆண்டுகளில் அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று.

நம் குடியிருப்பில் பல வீடுகளில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். முதியோர் இல்லம், பராமரிப்பு இல்லம் என்ற பேச்சு எப்போதாவது வரத்தான் செய்கிறது. அப்போது உணவு எப்படி, மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். கட்டடத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அதனால்தான் இந்த அம்மையாரின் வாழ்க்கையை இந்த இதழில் சொல்லலாம் என்று தோன்றியது.

1820 மே 12 அன்று இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. இங்கிலாந்தின் பெரும் பணக்காரக் குடும்பம். தந்தை வில்லியம் நைட்டிங்கேலே மகளுக்கு லத்தீன், கிரேக்கம், வரலாறு என்று பாடம் சொல்லிக் கொடுத்தார். பிளாரன்ஸுக்குச் சிறு வயது முதலே கணக்கில் மிகுந்த ஆசை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் புயல் அடித்தது. அக்காலத்தில் அது கௌரவமான குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையே இல்லை. பல வருடம் போராடி, 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் சில மாதம் பயிற்சி பெற்றார்.

1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், வசதி இழந்த நல்ல குடும்பத்துப் பெண்கள் நோயுற்றால் தங்குவதற்கான ஓர் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். இன்றைய பராமரிப்பு இல்லம் போன்ற இடம்தான். பொறுப்பு ஏற்பதற்கு முன்பே அவர் நிர்வாகக் குழுவிடம் கேட்டவை என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு சிறு தூக்கி வேண்டும். நோயாளி மணி அடித்தால் அந்த மாடியிலேயே செவிலியின் அறை வாசலில் ஒலிக்க வேண்டும். யார் அழைத்தது என்று காட்டும் மூடி ஒன்று திறந்து, செவிலி வந்து பார்க்கும்வரை திறந்தே நிற்க வேண்டும். இவை இல்லாவிட்டால் செவிலி நாள் முழுதும் படி ஏறி இறங்குவாளே தவிர, நோயாளியைப் பார்க்க மாட்டாள் என்பது அவர் எண்ணம். இன்று நல்ல மருத்துவமனைகளில் படுக்கைக்குப் படுக்கை அழைப்பு மணியும், கதவுக்கு மேலே எரியும் விளக்கும் இருக்கின்றன. அதையே 170 ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருக்கிறார்.

மறு ஆண்டே கிரிமியப் போர். 1854 நவம்பர் 4 அன்று, 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரத்தின் ஒரு பகுதி அது. துருக்கிப் படையின் ஒரு பிரம்மாண்டமான பாசறையை ஆங்கிலேயர் மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். வெளியே பார்க்கக் கம்பீரமான கட்டடம். அடியில் அடைபட்ட சாக்கடை. நடைவழிகளில்கூட நெருக்கி நெருக்கிப் படுக்கைகள். அம்மையார் உணவு, துணி, சோப்பு, சலவை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். அப்படியும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள்.

மார்ச் மாதத்தில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் சதர்லண்டும் ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளரும் அதில் முக்கியமானவர்கள். சாக்கடையைக் கழுவி விட்டார்கள். நூற்றுக்கணக்கான கைவண்டிக் குப்பையை அகற்றினார்கள். குடிநீர் வரும் கால்வாயில் செத்துக் கிடந்த குதிரையை எடுத்தார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 பேர் அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கின் முழு அர்த்தம் அம்மையாருக்கு அப்போதே புரியவில்லை. உணவுக் குறைவும், பொருள் தட்டுப்பாடும், சிப்பாய்களின் களைப்பும்தான் சாவுக்குக் காரணம் என்று முதலில் நினைத்திருந்தார். 1856-ல் ஊர் திரும்பியபின், புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார் துணையுடன் பதிவேடுகளை வரி வரியாகப் பார்த்தார். குண்டடியில் செத்தவர்களை விட நோயில் செத்தவர்களே மிக அதிகம் என்று தெரிந்தது. தான் விளக்குடன் சுற்றி வந்த கட்டடமே ஆட்களைக் கொன்றிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். நாடே அவரைத் தேவதை என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் புகழை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். எண்களை வட்ட வடிவப் படமாக வரைந்து, அமைச்சர்களும் ராணியும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்படி அச்சிட்டார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அதே காலத்தில் நெட்லி என்ற ஊரில் படைவீரர்களுக்கான பெரிய மருத்துவமனைக்கு 1856 மே மாதம் விக்டோரியா ராணி அடிக்கல் நாட்டியிருந்தார். கால் மைல் நீளக் கட்டடம். வெயிலும் கடற்காற்றும் வரும் பக்கத்தில் நீண்ட நடைவழி. நோயாளிகளின் அறைகள் அதன் பின்னால். வரைபடத்தைப் பார்த்ததும் இது தவறு என்றார் அம்மையார். பிரதமர் பாமர்ஸ்டனை நேரில் பார்த்துப் பேசினார். பிரதமரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஏற்கெனவே பெருந்தொகை செலவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று ராணுவத் துறை கையை விரித்தது. சில்லறைத் திருத்தங்களுடன் கட்டடம் எழும்பி, 1863-ல் திறக்கப்பட்டது. 1966-ல் பெரும்பகுதியை இடித்தும் விட்டார்கள். செலவான பணத்தை நினைத்து, தவறான கட்டடத்தை மேலும் கட்டிக்கொண்டே போவது எந்தக் காலத்திலும் நடப்பதுதான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு, இனி யாரும் கட்டத் தொடங்கும் முன்பே படிக்கட்டும் என்று 1859-ல் 'மருத்துவமனைகள் பற்றிய குறிப்புகள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1863-ல் அதை விரிவாகத் திருத்தி எழுதினார். நான்கு குறைகளை அதில் முக்கியமாகச் சொல்கிறார்: ஒரே கூரையின் கீழ் அதிகம் பேரை அடைப்பது, படுக்கைக்குப் போதிய இடம் இல்லாமை, காற்றுக் குறைவு, வெளிச்சக் குறைவு. தீர்வையும் அளவோடு தருகிறார். ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் தனித்தனிக் கட்டடங்கள். இரண்டு தளங்களுக்கு மேல் வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல். இரண்டு படுக்கைக்குக் குறைந்தது ஒரு ஜன்னல். ஜன்னல் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் தொடங்கி, கூரைக்கு ஓரடி கீழ்வரை போக வேண்டும். ஓர் ஆளுக்குச் சுமார் 1,500 கன அடி இடம். கழிப்பறை கூடத்தின் கடைசியில், நடுவே காற்றோட்டமான இடைவெளி விட்டு. சாக்கடை கட்டடத்துக்கு அடியில் போகக் கூடாது. சுவரும் தரையும் ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சாதவையாக இருக்க வேண்டும். தலைமைச் செவிலியின் அறையிலிருந்து பார்த்தால் எல்லாப் படுக்கையும் தெரிய வேண்டும்.

கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்பதே அன்று அவரும் நம்பிய கொள்கை. கிருமிகளைப் பற்றிய அறிவு பின்னால் வந்தது. காரணம் முழுச் சரியில்லை என்றாலும், சுத்தமான நீர், காற்று, வெளிச்சம், நெருக்கமின்மை என்று அவர் சொன்ன வழிகள் பலன் தந்தன.

மருத்துவமனைகள் தங்கள் சாவுக் கணக்கை ஆளுக்கொரு விதமாக எழுதி வந்தன. ஆகவே எல்லோரும் ஒரே படிவத்தில் எழுத வேண்டும் என்று 1860-ல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைத்தார். வங்கியில் பேரேடு எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிளைக்கு ஒரு முறையில் கணக்கு எழுதினால் எங்கே ஓட்டை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அளவுகோலைத் தன்னுடைய சொந்த வேலையின் மீதும் அவர் வைத்தார். அவர் பெயரிலான நிதியிலிருந்து லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பிரசவக் கூடம் நடந்து வந்தது. அங்கே பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் இறப்பது தெரிந்ததும் 1867-ல் அது மூடப்பட்டது. வீட்டில் பிள்ளை பெறுவதை விட இத்தகைய நிலையங்களில் தாய் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று எண்களைத் திரட்டி 1871-ல் தனிப் புத்தகமே போட்டார்.

ஏழைகளும் முதியவர்களும் கடைசிக் காலத்தில் போய்ச் சேரும் இடமாக அன்று இருந்தவை 'வொர்க்ஹவுஸ்' என்ற அரசு விடுதிகள். நோயாளி, மனநலம் குன்றியவர், குழந்தை, தள்ளாத கிழவர் எல்லோரையும் ஒன்றாகத் தள்ளி வைத்திருந்தார்கள். 1864 டிசம்பரில் ஹோல்பர்ன் விடுதியில் கவனிப்பின்றிக் கிடந்த திமோதி டேலி என்ற தொழிலாளி இறந்தது பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று. அம்மையார் உடனே துறைத் தலைவருக்கு எழுதினார். ஒவ்வொரு வகையினருக்கும் தனி இடம், பயிற்சி பெற்ற செவிலியர், நகரம் முழுதுக்கும் பொது நிதி என்பவை அவர் கோரிக்கை. 1865-ல் லிவர்பூல் விடுதிக்கு ஆக்னஸ் ஜோன்ஸ் தலைமையில் பயிற்சி பெற்ற செவிலியர் போனார்கள். 1867-ல் லண்டனுக்குச் சட்டம் வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் இயலாதவர்களைப் பராமரிக்கத் தனிக் கட்டடம் தேவை, அதற்குப் பொதுப் பணம் செலவாக வேண்டும் என்பது சட்டத்தில் ஏறியது.

நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த படைவீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் குடிநீர், சாக்கடை, அறை அளவு பற்றிக் கேள்வித்தாளுக்குப் பதில் வரவழைத்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அரசுக் குழுவின் அறிக்கை 1863-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. கிரிமியப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாற்றியபோதே அவரை அறிந்திருந்த நேப்பியர் பிரபு 1866-ல் சென்னை கவர்னராக வந்தார். இருவருக்கும் சுகாதாரம், பாசனம் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. நாம் தினமும் கடக்கும் நேப்பியர் பாலம் அவர் பெயரில் உள்ளதுதான்.

1857 முதல் அம்மையாருக்கு உடல்நலம் சரியில்லை. பல ஆண்டுகள் படுக்கையிலிருந்தபடியே எழுதினார். அவர் கருத்துப்படி தனித்தனிக் கட்டடங்களாக அமைந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை 1871-ல் தேம்ஸ் கரையில், பார்லிமென்டுக்கு எதிரே திறக்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90-வது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று வந்த யோசனையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஊர் மயானத்தில், பெயரின் முதலெழுத்துகளும் பிறப்பு இறப்பு விவரமும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் இருக்கிறார்.

அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இதுதான். பெற்றோருக்காகவோ நமக்காகவோ ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால், வரவேற்பறையோடு திரும்பி வர வேண்டாம். படுக்கை அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கம் காற்று போக வழி உண்டா? இரண்டு கட்டில்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போகுமா? குளியலறைத் தரை ஈரத்தில் வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள், தீப்பிடித்தால் அவர்களை எந்த வழியாக, யார் தூக்கி வருவார்கள் என்றும் கேளுங்கள். அந்த வழியின் கதவு பூட்டியிருக்கிறதா என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். கடந்த ஆண்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குப் பதிவேடு உண்டா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். நல்ல இல்லம் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளாது.